குடல் பற்றீரியா ஏன் குடலிலேயே நிற்கிறது?

பெருங்குடலில் உள்ள சாரத்தில் ஒரு மில்லிலீற்றர் எடுத்தால், அதில் பத்தாயிரம் கோடி அளவில் பற்றீரியா இருக்கும். அந்தக் கூட்டத்துக்கும் உங்கள் குருதிக்கும் நடுவே நிற்பது ஒரேயொரு வரிசைக் கலங்கள். அந்த வரிசையின் தடிப்பு ஒரு தலைமயிரின் தடிப்பில் பாதிகூட வராது. அதுவும் நிலையான சுவர் அல்ல. மூன்று முதல் ஐந்து நாளுக்குள் பழைய கலங்கள் உதிர்ந்து, முழு வரிசையும் புதிதாகிவிடுகிறது. இவ்வளவு மெல்லிய, எந்நேரமும் பிரித்துக் கட்டப்படுகிற ஒரு சுவருக்கு அப்பால் இத்தனை கோடி உயிர்கள் இருந்தும், சுகமாக இருக்கும் ஒருவரின் குருதியில் அவை குடியிருப்பதில்லை. ஏன்?

"நோய் எதிர்ப்புச் சக்தி கிருமியைக் கொன்றுவிடுகிறது" என்ற பதில் பாடசாலையிலேயே மனதில் பதிந்துவிடுகிறது. குடலைப் பொறுத்தவரை அது பாதிப் பதில்கூட இல்லை. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் சுமார் 38 இலட்சம் கோடி பற்றீரியா வாழ்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் 200 கிராம் அளவில் வரும். இவற்றைக் கொன்று தீர்க்க முடியாது, தீர்க்கவும் கூடாது. நாம் செரிக்க முடியாத நாரைப் பிரித்துக் கொடுப்பதும், சில உயிர்ச்சத்துகளை ஆக்குவதும், வெளியிலிருந்து வரும் நோய்க்கிருமிக்கு இடம் விடாமல் அடைத்துக்கொண்டிருப்பதும் இவைதான்.

வன்னியில் இருப்பவருக்கு இதை விளங்கிக்கொள்ளக் குளமே போதும். இரணைமடுவிலும் வவுனிக்குளத்திலும் முத்தையன்கட்டிலும் தண்ணீர் நிரம்பி நிற்பதை யாரும் ஆபத்தென்று சொல்வதில்லை. அது நிற்காவிட்டால் சிறுபோகம் இல்லை. ஆபத்து தொடங்குவது தண்ணீர் அணைக்கட்டைத் தாண்டும்போதுதான். அணையைப் பராமரிப்பவர் குளத்தை வற்றவைப்பதில்லை. கசிவு தெரிகிறதா என்று பார்ப்பார், எலிவளையை அடைப்பார், துருசை அளவாகத் திறப்பார், மழை மிஞ்சினால் வான்கதவைத் தூக்குவார். குடலின் நிர்ப்பீடனக் கலங்களும், அதாவது நோய் எதிர்ப்பு வேலைக்கென்று இருக்கும் கலங்களும், தம் நேரத்தின் பெரும்பகுதியை இப்படிப்பட்ட பராமரிப்பிலேயே செலவிடுகின்றன.

"பரவல்" என்ற சொல்லை இங்கே மூன்று பொருளில் பிரித்துப் பார்க்கவேண்டும். ஒன்று, குடலின் நீளத்தில் பரவுவது: பெருங்குடலில் இருக்கவேண்டிய கூட்டம் சிறுகுடலுக்குள் மேலேறுவது. இரண்டு, சுவரைக் கடந்து நிணநீருக்கும் ஈரலுக்கும் குருதிக்கும் போவது. மூன்று, ஒருவரின் மலத்திலிருந்து இன்னொருவரின் வாய்க்குப் போவது. மூன்றிலும் நிர்ப்பீடனக் கலங்களுக்குக் கை உண்டு. சில வேளைகளில் அந்தக் கை தடுக்கிறது, சில வேளைகளில் அதுவே வழி திறந்துவிடுகிறது.

சீதப் படையும் அதன் பின்னால் இருப்பவர்களும்

குடலெங்கும் பற்றீரியா ஒரே அளவில் இருப்பதில்லை. சிறுகுடலின் மேற்பகுதியில் ஒரு மில்லிலீற்றரில் ஆயிரம் முதல் பத்தாயிரம் வரைதான். சிறுகுடல் முடியும் இடத்தில் அது பத்துக் கோடியை எட்டும். வால்வைத் தாண்டிப் பெருங்குடலுக்குள் போனதும் பத்தாயிரம் கோடி. இந்த ஏற்றத்துக்கு வயிற்று அமிலமும் பித்தநீரும் குடல் இடைவிடாமல் அசைந்து தள்ளுவதும் காரணம். ஆனால் சுவரை ஒட்டிய இடத்தில் யார் இருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது வேறு ஏற்பாடு.

பெருங்குடலில் சீதம் இரண்டு படையாக இருக்கிறது. வெளிப்படை தளர்வானது. பற்றீரியா அதற்குள் வாழ்கின்றன, அதையே உண்கின்றன. உட்படை அடர்த்தியானது, கலங்களோடு ஒட்டியது. சுகமான குடலில் அதற்குள் பற்றீரியா அநேகமாக இல்லை. மனிதரில் அதன் தடிப்பு சில நூறு மைக்கிரோமீற்றர். மேலணியில், அதாவது முன்பு சொன்ன அந்த ஒற்றை வரிசையில், இருக்கும் கெண்டிக் கலங்கள் இந்தச் சீதத்தைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. சிறுகுடலில் நிலைமை வேறு. உணவு உறிஞ்சப்படவேண்டும் என்பதால் அங்கே சீதம் ஒற்றைப்படை, இளக்கமானது. அந்தக் குறையை நிரப்புவது இரசாயனம். சடைமுளைகளுக்கு அடியில் உள்ள குழிகளில் பனெத் கலங்கள் உட்கார்ந்து, பற்றீரியாவின் சுவரைத் துளைக்கும் சிறு புரதங்களை வெளிவிடுகின்றன. சுண்டெலிகளில் அளந்தபோது, அப்படிப்பட்ட ஒரு புரதம் மட்டும் பற்றீரியாவைச் சுவரிலிருந்து சுமார் 50 மைக்கிரோமீற்றர் தள்ளி நிறுத்தியிருந்தது. அந்தப் புரதத்தை ஆக்க முடியாத சுண்டெலிகளில் பற்றீரியா சுவர்வரை வந்து ஒட்டிக்கொண்டன.

கெண்டிக் கலமும் பனெத் கலமும் மேலணிக் கலங்கள்தான், நிர்ப்பீடனக் கலங்கள் அல்ல. ஆனால் அவற்றுக்கு "இன்னும் சுர" என்ற செய்தி கீழேயிருந்து வருகிறது. மேலணிக்கு அடியில் உள்ளார்ந்த நிணநீர்க் கலங்கள் என்ற ஒரு வகை இருக்கிறது. குறித்த ஒரு கிருமியை அடையாளம் கண்டு பழகவேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை. அவை இன்ரர்லியூக்கின் 22 என்ற செய்திப் புரதத்தை விடுகின்றன. அதைப் பெற்ற மேலணி சீதத்தையும் கிருமியெதிர்ப்புப் புரதங்களையும் கூட்டுகிறது, காயத்தை விரைவாக மூடுகிறது. 2012இல் வெளியான ஒரு சுண்டெலி ஆய்வில் இந்தக் கலங்களை அகற்றிப் பார்த்தார்கள். சாதாரணமாகக் குடலின் நிணநீர்த் திட்டுகளுக்குள் அடங்கிக் கிடக்கும் பற்றீரியா ஈரலிலும் மண்ணீரலிலும் காணப்பட்டன. இன்ரர்லியூக்கின் 22ஐத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பரவல் நின்றது. இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. அந்தக் கலங்கள் தாமாக ஒரு பற்றீரியாவையும் விழுங்கவில்லை. அணைக்கு மண் போடச் சொன்னதுதான் அவை செய்த வேலை.

கொல்லாமல் கட்டிவைக்கும் பிறபொருளெதிரி

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு விடயத்தைத்தான் நினைவில் வைக்கமுடியும் என்றால், அது ஐஜிஏ ஆக இருக்கட்டும். குடற்சுவருக்குள் இருக்கும் பிளாஸ்மாக் கலங்கள் ஆக்கும் பிறபொருளெதிரி, அதாவது கிருமியில் ஒட்டிப் பிடிக்கும் புரதம், இது. உடலிலுள்ள பிளாஸ்மாக் கலங்களில் பெரும்பகுதி குடலில்தான் இருக்கிறது. ஒரு வளர்ந்தவர் ஒரு நாளில் 3 முதல் 5 கிராம் ஐஜிஏயைக் குடலுக்குள் வெளிவிடுகிறார். வேறெந்தப் பிறபொருளெதிரியையும் உடல் இவ்வளவு ஆக்குவதில்லை.

குருதியில் உள்ள பிறபொருளெதிரிகள் கிருமியில் ஒட்டினால், அதைக் கண்டு விழுங்கும் கலங்களும் துளைக்கும் புரதங்களும் வந்து சேரும், அழற்சி உண்டாகும். ஐஜிஏ அப்படி ஆரவாரம் செய்வதில்லை. இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்த இரட்டையாக மேலணியைக் கடந்து வெளியே வந்து, நான்கு கைகளால் பற்றீரியாவைப் பிடிக்கிறது. பிடிபட்டது கட்டியாகச் சேர்ந்து, சீதத்தில் சிக்கி, மலத்தோடு போய்விடுகிறது. நீந்தும் வாலில் ஐஜிஏ ஒட்டினால் நீச்சல் நிற்கிறது. மேலணியில் பற்றும் கொக்கியில் ஒட்டினால் பற்ற முடிவதில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். குடலின் பருமனோடு பார்த்தால், புதிதாக உள்ளே வந்த ஒரு கிருமியின் எண்ணிக்கை மிகச் சிறிது. இரண்டு பற்றீரியா ஒன்றோடொன்று மோதி ஒட்டுவதற்கே மணித்தியாலக் கணக்காகும். அப்படியானால் கட்டி எப்படி உண்டாகிறது? 2017இல் சுவிற்சர்லாந்து ஆய்வாளர்கள் சல்மொனெல்லா என்ற நோய்க்கிருமியை வைத்து இதற்கு விடை கண்டார்கள். ஒரு பற்றீரியா இரண்டாகப் பிரியும்போது, மேலே ஒட்டியிருக்கும் ஐஜிஏ இரண்டு மகள்களையும் விலகவிடாமல் பிணைத்துக்கொள்கிறது. நான்காகும்போதும் எட்டாகும்போதும் அதேதான். மோதல் தேவையில்லை, வளர்ச்சியே சங்கிலியாகிறது. வேகமாகப் பெருகும் கிருமி வேகமாகவே கட்டுப்படுகிறது. மெதுவாகப் பெருகும் பழைய குடியிருப்பாளருக்கு அவ்வளவு இடைஞ்சல் இல்லை. இன்னொரு பலனும் உண்டு. ஒரே தாயின் பிள்ளைகள் ஒரு கட்டியாகவே அடைபட்டுக் கிடப்பதால், மற்றப் பற்றீரியாக்களோடு மரபுத் துண்டுகளைப் பரிமாறும் வாய்ப்புக் குறைகிறது. மருந்துக்கு மசியாத தன்மை ஒரு பற்றீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது பெரும்பாலும் அந்தத் துண்டுகள் வழியாகத்தான்.

பிறந்த குழந்தைக்குத் தன் குடலில் ஐஜிஏ இல்லை. தானாக ஆக்கத் தொடங்க வாரங்கள் எடுக்கும், போதிய அளவு வர மாதங்கள் எடுக்கும். அந்த இடைவெளியைத் தாய்ப்பால் நிரப்புகிறது. முதல் ஓரிரு நாட்களில் வரும் மஞ்சள் நிறப் பாலில் ஒரு லீற்றருக்கு 10 கிராம் அளவிலும் அதற்கு மேலும் ஐஜிஏ இருக்கலாம். பின்னர் வரும் பாலில் அது 1 கிராம் அளவுக்கு இறங்கும். தாயின் குடலில் கிருமியைக் கண்டு பழகிய பி கலங்களே (பிளாஸ்மாக் கலங்களாக மாறும் வெண்குழியங்கள்) முலைச் சுரப்பிக்குப் போய்த் தங்கி அந்த ஐஜிஏயை ஆக்குகின்றன. ஆகையால் தாய் குடிக்கும் கிணற்றிலும் அவள் புழங்கும் முற்றத்திலும் இருக்கும் கிருமிகளுக்கு ஏற்ற பிறபொருளெதிரியே பிள்ளைக்குப் போகிறது. பால்மாவில் இது இல்லை. முதற்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடும் வழக்கம் எங்கேயாவது மிச்சமிருந்தால் அது இன்றே நிற்கவேண்டும். சீனித்தண்ணீரோ தேனோ தொட்டுவைப்பதும் வேண்டாம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்று மருத்துவமாது சொல்வதன் பின்னால் இருக்கும் காரணங்களில் இது முக்கியமானது.

துருசு: தெரிந்தே உள்ளே விடுவது

எந்தக் கிருமிக்கு ஐஜிஏ ஆக்குவது என்பதை அறிய, சுவருக்கு உட்புறம் உள்ள கலங்கள் வெளியே இருப்பதைக் கொஞ்சமாவது பார்க்கவேண்டும். ஆகவே உடல் தானாகவே சில வாசல்களை வைத்திருக்கிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நிணநீர்க் கலங்கள் திரண்ட திட்டுகள் இருக்கின்றன. 1677இல் விவரித்த சுவிஸ் மருத்துவர் பேயரின் பெயரால் பேயர் திட்டுகள் என்கிறோம். அவற்றின் மேலே எம் கலங்கள் என்ற தனிவகை உண்டு. அங்கே சீதம் மெலிந்திருக்கும். எம் கலம் குடலுக்குள் இருக்கும் பற்றீரியாவை ஒரு பக்கத்தால் வாங்கி மறுபக்கத்தால் கொடுத்துவிடும்.

மறுபக்கத்தில் காத்திருப்பவை கிளைக்கலங்கள். கிளைகிளையாக நீட்டிய உருவத்தால் அந்தப் பெயர். பக்கத்திலேயே பெருவிழுங்கிகளும் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பெருவிழுங்கி விழுங்கியதைச் சில மணித்தியாலத்துக்குள் கொன்று கரைத்துவிடும். அதுவும் குடலில் உள்ள பெருவிழுங்கி சத்தமில்லாமல் கொல்லும். வேறிடத்துப் பெருவிழுங்கிபோல அழற்சிச் செய்திகளை வாரி இறைக்காது. கிளைக்கலமோ சில பற்றீரியாவை நாட்கணக்கில் உயிரோடு வைத்திருந்து, குடலைத் தாங்கும் மடிப்பில் இருக்கும் நிணநீர்க் கணுவுக்குத் தூக்கிக்கொண்டு போகும். அங்கே ரி கலங்கள், பி கலங்கள் என்ற வெண்குழியங்களுக்குக் காட்டும். காட்டப்பட்டதற்கேற்ப ஐஜிஏ தயாராகும்.

உயிருள்ள பற்றீரியாவை உடலுக்குள் சுமந்து போவது நிர்ப்பீடனக் கலமே என்பது முதலில் கேட்பவருக்கு உறைக்கும். ஆனால் பயணம் அந்தக் கணுவோடு முடிந்துவிடுகிறது. 2004இல் சுண்டெலிகளில் இதைக் காட்டினார்கள்: குடலில் வாழும் சாதாரண பற்றீரியா கிளைக்கலங்களுக்குள் உயிரோடு கணுவரை போயின, மண்ணீரலுக்குப் போகவில்லை. துருசால் விட்ட தண்ணீர் வாய்க்காலோடு நிற்கிறதே தவிர ஊருக்குள் பாய்வதில்லை.

கணுவைத் தவிர இன்னொரு தடையும் உண்டு. குடலிலிருந்து திரும்பும் குருதி நேரே இதயத்துக்குப் போவதில்லை, ஈரல் வாயினாளம் வழியாக ஈரலுக்குத்தான் முதலில் போகிறது. அங்கே குருதிப் பாதையின் சுவரிலேயே குப்ஃபர் கலங்கள் என்ற பெருவிழுங்கிகள் ஒட்டிக்கொண்டு, கடந்துபோகும் பற்றீரியாவைப் பிடித்து விழுங்குகின்றன. நீண்டகாலக் குடியால் ஈரல் சுருங்கி வடுவானவருக்கு இந்த வடிகட்டல் குலைகிறது. குருதி ஈரலைத் தவிர்த்துப் பக்க வழிகளால் ஓடத் தொடங்குகிறது. அப்படிப்பட்டவர் வயிற்றில் தேங்கும் நீரில் எந்தக் காயமும் இல்லாமலே ஈ. கோலை போன்ற குடல் பற்றீரியா தொற்றுவது இதனால்தான். வயிறு வீங்கியிருக்கும் ஈரல் நோயாளிக்குப் புதிதாகக் காய்ச்சலோ வயிற்றுநோவோ தடுமாற்றமோ வந்தால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும்.

காவல் இல்லாதபோது

புற்றுநோய்க்கு மருந்தேற்றுகிறவர்களில் ஏழு முதல் பதினான்கு நாளுக்கிடையில் நடுநிலைநாடிகள் என்ற வெண்குழியங்கள் மிகக் கீழே இறங்கும். அதே மருந்து வேகமாகப் பிரியும் குடல் மேலணியையும் தாக்கியிருக்கும். சுவரும் மெலிந்து காவலும் இல்லாத அந்த நாட்களில், வெளியிலிருந்து எதுவும் வராமலே, சொந்தக் குடலில் இருப்பதே குருதிக்குள் போகலாம். தெல்லிப்பழையிலோ மகரகமையிலோ மருந்தேற்றிவிட்டு வன்னிக்குத் திரும்பியவருக்கு வெப்பநிலை 38 பாகை செல்சியசைத் தாண்டினால், பனடோலைக் கொடுத்து விடியும்வரை பார்க்கக்கூடாது. கிட்டிய மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு உடனே போய், "மருந்தேற்றி இத்தனை நாள்" என்று முதல் வசனமாகச் சொல்லவேண்டும். இந்த நிலையில் சீழோ வீக்கமோ தெரியாது. அவற்றை உண்டாக்கும் கலங்களே இல்லையே.

எச்.ஐ.வி. தொற்றிலும் இப்படித்தான். அந்த வைரசு முதல் வாரங்களிலேயே குடலில் உள்ள ரி கலங்களைப் பெருமளவில் அழிக்கிறது. இன்ரர்லியூக்கின் 22 விடும் ரி கலங்களும் அதில் அடக்கம். பற்றீரியாவின் துண்டுகள் குருதிக்குள் கசிந்துகொண்டிருப்பதும், அந்தக் கசிவே உடலெங்கும் ஓயாத அழற்சியை மூட்டுவதும் 2006இல் தெளிவாயின.

நெருப்புக்காய்ச்சல்: காவலனையே வாகனமாக்குவது

வடக்கில் நெருப்புக்காய்ச்சல் பழகிய பெயர். இதை உண்டாக்கும் சல்மொனெல்லா டைஃபி குடலில் சாதாரணமாக வாழும் பற்றீரியா அல்ல, மனிதரில் மட்டும் வாழும் நோய்க்கிருமி. மேலே சொன்ன ஏற்பாடுகள் ஒவ்வொன்றையும் அது எப்படித் தன் வசப்படுத்துகிறது என்று பார்த்தால், நோயின் ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணம் விளங்கும்.

அழுக்கான தண்ணீரோடு உள்ளே போனதும், அது பேயர் திட்டின் எம் கலம் வழியாக நுழைகிறது. பெருவிழுங்கி அதை விழுங்குகிறது. விழுங்கிய பைக்குள்ளேயே அது ஊசிபோன்ற ஒரு கருவியால் சில புரதங்களைச் செலுத்தி, தன்னைக் கரைக்கவரும் நொதியங்களைத் திசைதிருப்பி, உள்ளேயே பெருகுகிறது. மேற்பரப்பில் உள்ள சீனிப் போர்வை அபாய அறிவிப்பை அடக்கிவிடுகிறது. அதனால் மற்ற சல்மொனெல்லாபோல 12 மணித்தியாலத்தில் வயிற்றோட்டம் வருவதில்லை. ஆள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். கிருமி பெருவிழுங்கிக்குள் ஏறி நிணநீர்க் கணு, ஈரல், மண்ணீரல், எலும்பு மச்சை என்று போய்ப் பெருகி, பெரும்பாலும் 8 முதல் 14 நாட்களில் குருதிக்குள் வெளிப்படும். காய்ச்சல் தொடங்குவது அப்போதுதான். படிப்படியாக ஏறும் காய்ச்சல், தலையிடி, பசியின்மை. வளர்ந்தவரில் வயிற்றோட்டத்தைவிட மலச்சிக்கல் வருவதும் உண்டு. ஆகவே "வயிறு சரியாகத்தானே இருக்கிறது" என்பது நெருப்புக்காய்ச்சல் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

இனிப் பரிசோதனை. நோயாளியின் குருதியில் இந்தக் கிருமி மிகக் குறைவு, ஒரு மில்லிலீற்றருக்கு ஒன்று என்ற அளவில்தான். அதிலும் பாதிக்கு மேல் வெண்குழியங்களுக்குள் ஒளிந்திருக்கும். இரண்டு மில்லிலீற்றர் எடுத்தால் ஒன்றும் முளைக்காமல் போகலாம். வளர்ந்தவரிடம் ஒரு போத்தலுக்கு 8 முதல் 10 மில்லிலீற்றர் எடுப்பது அதனால்தான். "இவ்வளவு குருதி எதற்கு" என்று மறுக்காதீர்கள். முதல் வாரத்தில் எடுத்தால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பாமசியில் இரண்டு நாள் நுண்ணுயிர்கொல்லி வாங்கி விழுங்கிவிட்டுப் போனால், கிருமி சாகாமலும் போகலாம், போத்தலில் முளைக்காமலும் போகலாம். எந்த மருந்துக்கு மசியும் என்பதை அறியும் வழியும் அதோடு அடைபடும். வைடால் என்ற பழைய சோதனை கிருமியைப் பார்ப்பதில்லை, பிறபொருளெதிரியைப் பார்க்கிறது. முன்பு எப்போதோ வந்த தொற்றோ தடுப்பூசியோகூட அதை நேர்மறையாகக் காட்டலாம். அதை மட்டும் வைத்து முடிவெடுப்பது சரியல்ல.

மூன்றாம் வாரத்தில் வரும் பயங்கரம் குடல் துளைபடுவது. பித்தத்தோடு மீண்டும் குடலுக்கு வரும் கிருமி, ஏற்கெனவே பழகிய பேயர் திட்டுகளுக்குள் திரும்ப நுழைகிறது. இம்முறை அங்கே பெருவிழுங்கிகள் திரண்டு நிற்கின்றன. வீக்கம் கூடிக் குருதியோட்டம் அடைபட்டு, திட்டு அழுகி உதிர்கிறது. துளை சிறுகுடலின் கடைசிப் பகுதியிலேயே விழுவதற்குக் காரணம் அங்கேதான் திட்டுகள் அதிகம் என்பதே. காய்ச்சல்காரருக்குத் திடீரென்று வயிறு கல்லாகி நோவெடுத்தால் அது சத்திரசிகிச்சைக்குரிய அவசரம்.

அளவுக்கு மிஞ்சிய தாக்குதல்

கோழிமுட்டையாலும் சரியாக வேகாத இறைச்சியாலும் வரும் மற்றச் சல்மொனெல்லா வேறு தந்திரம் செய்கிறது. அது ஒளிவதில்லை, வேண்டுமென்றே அழற்சியைக் கிளப்புகிறது. நடுநிலைநாடிகள் கோடிக்கணக்கில் குடலுக்குள் பாய்ந்து, ஒட்சிசனின் கடுமையான வடிவங்களை வெளிவிடும். குடலில் வழமையான பற்றீரியா உண்டாக்கும் ஐதரசன் சல்பைட்டு மேலணியில் தயோசல்பேற்றாக மாற்றப்பட்டிருக்கும். அந்தத் தயோசல்பேற்று இந்தத் தாக்குதலில் தெத்திராதயோனேற்றாகிறது. ஒட்சிசன் இல்லாத குடலில் சல்மொனெல்லா அதைக் கொண்டு சுவாசிக்கும். பழைய குடியிருப்பாளரால் அது முடியாது. நமது வெண்குழியம் எறிந்த ஆயுதமே எதிரிக்கு மூச்சாகிறது. 2010இல் இது வெளியானபோது இத்துறையில் இருந்தவர்களின் பார்வையே மாறியது. அழற்சியில் உண்டாகும் நைத்திரேற்றை ஈ. கோலை அதேபோலப் பயன்படுத்திப் பெருகுவது 2013இல் தெரியவந்தது. குடல் அழற்சி நோய் உள்ளவர்களில் இந்தக் குடும்பத்துப் பற்றீரியா ஏன் மிகுதியாக இருக்கிறது என்பதற்கு இது ஒரு விளக்கம்.

இதை அடக்கிவைப்பதற்கென்றே ஒழுங்குபடுத்தும் ரி கலங்கள் இருக்கின்றன. நாரைப் பற்றீரியா நொதிக்கச்செய்யும்போது உண்டாகும் பியூற்றிரேற்று என்ற அமிலம் அவற்றைப் பெருக்குகிறது. நாரில்லாத உணவு கொடுத்த சுண்டெலிகளில் பற்றீரியா பசிக்குச் சீதப் படையையே தின்று மெலிவித்தன. தவிடு நீக்காத சிவப்பரிசி, குரக்கன், பயறு, கௌபி, முருங்கையிலை, ஒடியல் என்று நம் சமையலில் இருப்பவற்றுக்கு இந்த இடத்தில் நேரடிப் பொருள் உண்டு.

நுண்ணுயிர்கொல்லியைத் தேவையில்லாமல் விழுங்கினால் என்ன நடக்கும் என்பதும் இங்கேயே வரும். 1950களில் செய்த சோதனைகளில், சுண்டெலியைத் தொற்றவைக்கச் சுமார் 1,00,000 சல்மொனெல்லா தேவைப்பட்டது. ஸ்ரெப்ரோமைசின் ஒருமுறை கொடுத்த பிறகு பத்துக்கும் குறைவே போதுமானது. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவர்கள் போனதும் வாசல் திறந்துவிட்டது. 2013இல் இன்னொன்றும் தெரிந்தது: நுண்ணுயிர்கொல்லி கொடுத்த சுண்டெலிகளில், வழமையாக அசையாமல் சுவரோடு நிற்கும் ஒருவகை விழுங்கிகள், ஊடுருவும் வல்லமை இல்லாத பற்றீரியாவையும் நிணநீர்க் கணுவுக்குச் சுமக்கத் தொடங்கின. வழமையான கூட்டம் இருந்தால்தான் அவை தம் இடத்தில் நிற்கின்றன.

பிள்ளைகளின் வயிற்றோட்டம் பெரும்பாலும் வைரசால் வருவது. அதற்கு நுண்ணுயிர்கொல்லி உதவாது. ஒரு பொதி ஜீவனியைச் சரியாக ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொடுக்கவேண்டும். அரைப் பொதி, அரைக் கோப்பை என்று குத்துமதிப்பாகக் கலந்தால் உப்பின் அளவு பிழைத்துவிடும். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்குமேல் வைக்கக்கூடாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் நாகம் (சிங்க்), அதற்குக் கீழே 10 மில்லிகிராம், 10 முதல் 14 நாள் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. மேலணி திரும்பக் கட்டப்படவும் ரி கலங்கள் பெருகவும் நாகம் வேண்டும். வயிற்றோட்டம் நின்றதும் நாகத்தை நிறுத்திவிடுவதுதான் வழமையாக நடக்கும் பிழை. மலத்தில் குருதி கண்டாலோ, காய்ச்சல் கூடினாலோ, பிள்ளை குடிக்க மறுத்தாலோ வைத்தியசாலை. குருதி போகும்போது குடலசைவை நிறுத்தும் குளிசை கொடுக்கவே கூடாது. அந்த அசைவும் ஒரு வான்கதவுதான். அதை மூடினால் ஊடுருவும் கிருமிக்குச் சுவரோடு ஒட்ட நேரம் கிடைத்துவிடும்.

ஒருவரிலிருந்து ஒருவருக்கு

மூன்றாவது பரவலில் நிர்ப்பீடனக் கலங்களின் பங்கு அண்மையில்தான் தெளிவாகிவருகிறது. ஒரே சல்மொனெல்லாவைப் பெற்ற சுண்டெலிகளில் சிறு பகுதி மட்டும் ஒரு கிராம் மலத்துக்குப் பத்துக் கோடிக்கு மேல் கிருமியை வெளியேற்றின. கூட்டில் இருந்த மற்றவற்றுக்குத் தொற்றைக் கொடுத்தவை அவைதான். ஆச்சரியம் என்னவென்றால் அவை சுகயீனமாகத் தெரியவில்லை. அவற்றின் நிர்ப்பீடனக் கலங்கள் கிருமியை ஒழிக்காமல், அழற்சியோடு இசைந்து வாழப் பழகியிருந்தன. குறைவாக வெளியேற்றிய மற்றச் சுண்டெலிகளுக்கு நுண்ணுயிர்கொல்லி கொடுத்தபோது அவையும் பெருமளவில் வெளியேற்றத் தொடங்கின, நோயும் முற்றியது.

மனிதரில் இதற்கு ஒப்பானவர் நெருப்புக்காய்ச்சல் காவி. சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐவர்வரை, ஓராண்டுக்கு மேலும் கிருமியைப் பித்தப்பையில் வைத்திருந்து மலத்தோடு வெளியேற்றலாம். பித்தக்கல் இருந்தால் கிருமி அதன்மேல் படலமாகப் படிந்துவிடும். அந்தப் படலத்துக்குள் வெண்குழியமும் மருந்தும் எளிதில் நுழையா. ஆள் திடகாத்திரமாகவே இருப்பார், குருதியில் கிருமி இருக்காது. மலப் பரிசோதனையில்தான் பிடிபடும், அதுவும் விட்டுவிட்டு வெளியேறுவதால் ஒருமுறை எடுத்தால் தவறிவிடும். உணவகத்தில் சமைப்பவர், பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் பரிமாறுபவர் ஆகியோரிடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசி அட்டையைக் கேட்பதும், நோய் வந்து மாறியவரின் மலத்தைத் திரும்பத்திரும்பப் பரிசோதிக்கச் சொல்வதும் இதனால்தான்.

வற்றாப்பளைப் பொங்கல்போலப் பல்லாயிரம் பேர் கூடுமிடத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலின் சர்க்கரைத் தண்ணீரைக் கையால் கலக்கும் ஒருவர் காவியாக இருந்தால், அந்தப் பானையில் இறங்கும் கிருமியை மற்றவர்களின் ஐஜிஏ முன்பின் கண்டிருக்காது. நீண்ட பிடி அகப்பை, மூடிய பானை, கொதித்தாறிய அல்லது குளோரீன் இட்ட நீர், மலங்கழித்த பின் சவர்க்காரத்தோடு 20 செக்கன் கைகழுவல். வெள்ளத்துக்குப் பின்னும் இதே கவனம் வேண்டும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நடந்ததுபோல, மலக்குழியும் கிணறும் ஒரே தண்ணீருக்குள் மூழ்கினால், கிணற்றை இறைத்துக் குளோரீன் இட்டுப் பரிசோதகர் சொல்லும்வரை அந்த நீரைக் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும். நன்றாகக் குமிழ்த்துக் கொதித்து ஒரு நிமிடம் போதும். மணற்பாங்கான கரையோர நிலத்தில் வெள்ளம் இல்லாமலே கழிவுநீர் விரைவாக ஊறிப்போகும். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 15 மீற்றர், காணி இடங்கொடுத்தால் 30 மீற்றர் விடுங்கள்.